வக்கீல் கழுதையும் வாபஸ் மனுவும்

காட்டு நீதிமன்றத்தில் கழுதைதான் அரசு வக்கீல். அன்று, கோழியின் முட்டைகளைத் திருடித் தின்ற கீரியின் வழக்கு. அந்தக் கீரி அமைச்சர் நரிக்கு மச்சான்.

கழுதை கோர்ட்டுக்குக் கிளம்பும்போது, அமைச்சரின் உதவியாளர் குரங்கு ஒரு தாளோடு வந்து வழிமறித்தது.

"பொதுநலன் கருதி வழக்கை வாபஸ் வாங்குறதா நாங்களே எழுதிட்டோம் வக்கீலய்யா. நீங்க கையெழுத்துப் போட்டு நீதிபதிகிட்ட குடுத்தாப் போதும்."

அது யாருடைய நலன் என்று கழுதைக்கு விளங்காமல் இல்லை. கோர்ட் வாசலில், உடைந்த முட்டை ஓடுகளைச் சிறகுக்குள் பொத்திக்கொண்டு கோழி காத்து நின்றது. பார்க்கவே கழுதைக்குச் சங்கடமாக இருந்தது. போதாக்குறைக்கு, காலையிலிருந்து வயிறும் காலி. குரங்கு அந்தப் பக்கம் போனதும் தாளை நிதானமாகப் படித்தது. அதைவிட நிதானமாக மென்று விழுங்கியது.

மனு வராததால் விசாரணை நடந்தது. கோழி ஓடுகளைக் காட்டிச் சாட்சி சொன்னது. கீரிக்கு ஆறு மாதம் கூண்டு.

வெளியே வந்த கழுதையிடம் குரங்கு பாய்ந்து வந்தது. "அமைச்சர் கொதிச்சுப் போயிருக்காரு! நாளைக்கே உங்களைப் பாலைவனத்துக்கு மாத்தப் போறாரு!"

"மாத்தட்டும்ப்பா," என்றது கழுதை, காதுகளைச் சுகமாக ஆட்டியபடி. "அந்த உத்தரவும் தாள்லதானே வரும்?"