மடிப்பு விழாத அட்டை

இரண்டாம் வகுப்பின் சொல்லட்டைப் பெட்டியில் 'ஒட்டகச்சிவிங்கி' அட்டைக்குத்தான் தலைக்கனம் அதிகம். அந்த வகுப்பில் ஓர் அட்டையைத் தப்பில்லாமல் வாசிக்கும் பிள்ளை, அன்று முழுக்க அதைச் சட்டையில் குத்திக்கொண்டு திரியலாம். அதனால் 'ஈ' அட்டை தினமும் ஊர் சுற்றிவிட்டு அழுக்கோடு திரும்பும்.

"என்னை வாசிக்க இங்கே ஆளே கிடையாது. பார், ஒரு மடிப்புகூட விழவில்லை" என்று ஒட்டகச்சிவிங்கி பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் ஈ சொன்னது, "வெளியே சறுக்குமரம் இருக்குண்ணே. இன்னைக்கு மூணு தடவை சறுக்கினேன்."

அதற்குப் பிறகு ஒட்டகச்சிவிங்கிக்குப் பெட்டியில் இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் டீச்சர் அதைத் தூக்கிக் காட்டினார். செண்பகவல்லி எழுந்து நின்றாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தாண்டத் தாண்ட, அட்டைக்கு உடம்பெல்லாம் படபடத்தது.

"விட்டுடாதே தாயி, இன்னும் ரெண்டே எழுத்துதான்" என்று உள்ளுக்குள் கெஞ்சியது.

அவள் முடித்தாள். வகுப்பே கை தட்டியது.

சாயங்காலம் பெட்டிக்குத் திரும்பியபோது அதன் ஒரு முனை மடங்கியிருந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கறை.

"என்னண்ணே இது கோலம்?" என்று பதறியது ஈ.

"சாம்பார்டா தம்பி" என்றது ஒட்டகச்சிவிங்கி, மூச்சிரைக்க. "நாளைக்குச் சத்துணவுல என்ன போடுவாங்க?"