விட்டுப்போன முப்பத்தொன்று

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. வேறொரு ஆய்வகத்தில் படிக்கும் மாணவி எழுதியிருந்தாள்.

என் கட்டுரையில் இருப்பவை 208 நட்சத்திரங்கள். மூலப் பட்டியலில் 239. மீதி முப்பத்தொன்றை விட்டதற்கு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினொரு வருடமாக அந்தப் பட்டியலோடுதான் குடித்தனம். எனக்குத் தெரியாமல் முப்பத்தொன்றா?

பழைய கோப்புகளைத் திறந்ததும் சிரிப்பு நின்றது.

ஒன்றாகப் பிறந்த நட்சத்திரங்கள் ஒன்றாகவே ஓடும். தண்டவாளங்கள் தூரத்தில் சேர்வதுபோல அவற்றின் பாதைகளும் வானத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். அந்தக் குவிதலையும் வேகத்தையும் வைத்துக் கூட்டத்தின் தொலைவைக் கணக்கிடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒற்றை நட்சத்திரத்தின் பேச்சை நம்பக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுச் சராசரி எடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்று ஒன்றைக்கூடத் தள்ளக் கூடாது.

அந்தத் தொலைவில் எனக்கு வந்த பிழை மூன்றே சதவீதம். அந்த மூன்றுக்குத்தான் பாராட்டெல்லாம். இந்த வேலையும் இந்த அறையும்கூட அதற்குத்தான்.

முதல் கோப்பில் 239. நாற்பது நிமிடம் கழித்துச் சேமித்த கோப்பில் 208. விலகி ஓடியவை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிடுங்கப்பட்டிருந்தன. ஆய்வு செய்தபோது என் கைக்கு வந்தது இரண்டாவது கோப்பு.

முதலில் பேராசிரியரைத்தான் சந்தேகப்பட்டேன். காற்புள்ளி விட்டுப்போனால்கூடத் தாளைத் தூக்கி எறிகிற மனிதர். இருந்தும் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன்.

அதற்குப் பிறகுதான் கோப்பைச் சேமித்தவரின் பெயரைப் பார்த்தேன்.

அவருக்கு இரண்டு மாடி கீழே, கணினிப் பிரிவில் வேலை. தினமும் பதினொரு மணிக்கு இரண்டு கோப்பைத் தேநீரோடு மேலே வருவார். அன்றும் வந்தார்.

என் கணவர்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"மொதல்ல வெறும் தொண்ணூறு நட்சத்திரத்த வச்சுப் போட்டப்ப பிழை பதினாலு வந்துச்சுன்னு அப்படி அழுதியே. இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், கல்யாணத்தத் தள்ளி வைப்போம்னே. உனக்காகத்தான்மா பண்ணேன்."

அவர் குரலில் குற்றமே இல்லை. ஒளித்துவைத்த பரிசைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதுபோல லேசாகச் சிரித்தார்.

"டீ ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது ஆறிப்போய் ஆடை கட்டியது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழுக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு வரிதான். எழுத அரைமணி நேரம் ஆனது.

பிறகு அந்த முப்பத்தொன்றையும் பட்டியலில் சேர்த்தேன். மொத்தம் 239. கணக்கை ஓடவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்தேன்.

தொலைவு ஏறக்குறைய அதேதான். பிழை மட்டும் எட்டரை சதவீதம்.

பத்துக்குள் வந்தால் பட்டம் உறுதி என்று அன்றைக்குப் பேராசிரியர் சொன்னபோது, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

என்னைக் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட விடவில்லை.