எட்டாம் மாதம்

முதல் ஊரடங்கில் எங்கள் தெருவை மூங்கில் கட்டி அடைத்தபோது செண்பகம் அக்காவுக்கு எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்கு இப்போது வர வேண்டாம் என்று நர்ஸ் போனில் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"குழந்தைக்கு அனக்கம் இருக்கா?"

"இருக்கு சிஸ்டர், நல்லா அசையுது."

"பின்னே என்ன பேடி? பயப்படவே வேண்டாம். நாங்க விளிக்கும்போது வந்தா போதும்."

மூங்கிலை அவிழ்த்தார்கள். முகக்கவசமும் போய்விட்டது. எதிர்வீட்டு ஷில்பா அதற்கப்புறம் கர்ப்பமாகிப் பெற்ற பையன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். அக்காவுக்கு இன்னும் எட்டாம் மாதம்தான். வாராவாரம் போன் வருகிறது. அதே கேள்வி, அதே பதில்.

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கியவள் நான் ஒருத்திதான். கத்துவதும் நான் ஒருத்திதான்.

"அவங்க விளிக்கட்டும்டி, சும்மா சண்டைக்கு நிக்காத" என்பாள் அக்கா.

நேற்று அவளை ஆட்டோவில் இழுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே காவலாளி மறித்தார்.

"எத்தனை மாசம்?"

"எட்டு."

"ஒன்பதுல வா மோளே."

"அது எப்ப வரும்னு உள்ள கேட்டுச் சொல்லுங்க சேட்டா!"

அவர் கேட்டை மூடினார்.

திரும்பும்போது அக்கா என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளிருந்து ஒரு கை வந்து என் உள்ளங்கையில் பதிந்தது. ஐந்து விரலும் தெரிந்தன. ஷில்பா பையனின் கையைவிடப் பெரிதாக இருந்தது.