நங்கூரம் போட்ட பக்கிள்

"இது நீ பண்ணதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு பாய்" என்றார் கான்ஸ்டபிள் குணசேகரன்.

டோல்கேட் அருகே இருந்த அந்தச் சின்னக் கடையில், ஈரத் தோலில் ஒரு ரோஜாப்பூவைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார் அத்தாவுல்லா. சுத்தியலைக் கீழே வைத்தார். பித்தளைத் தகட்டின்மேல் பூவேலை செய்த தோலைப் போர்த்தி, ஓரம் முழுக்க மெல்லிய தோல்வாரால் பின்னி அவர் செய்யும் பெல்ட் பக்கிளுக்கு ஹார்பர் ஆட்களிடம் நல்ல கிராக்கி.

போலீஸ்காரருக்குப் பின்னால் ஐரீன் நின்றிருந்தாள். அவள் மகன் ஹென்றி வேலைக்குப் போன விசைப்படகு புயலில் கவிழ்ந்துவிட்டது. கரை சேர்ந்தவர்களில் அவன் இல்லை.

குணசேகரன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பக்கிளை எடுத்து நீட்டினார்.

"எண்ணூர்ல ஒரு பாடி ஒதுங்கிச்சு. மூஞ்சி அடையாளம் தெரியல. இடுப்புல இதான் இருந்திச்சு. கடைசி நேரத்துல யார் யாரை ஏத்திக்கினு போனான்னு போட் ஓனருக்கே சரியா தெரியல."

"கிறிஸ்மஸுக்கு ஹென்றிக்கு நீங்கதான பாய் நங்கூரம் போட்டுப் பண்ணிக் குடுத்தீங்க?" ஐரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னால அத்தப் பாக்கவே முடியல பாய். நீங்களே பாத்து சொல்லிடுங்க."

அத்தாவுல்லா அதை வாங்கினார். உப்புத் தண்ணீரில் ஊறித் தோல் கறுத்து உப்பியிருந்தது. நடுவில் நங்கூரம் அழியாமல் இருந்தது. ஓரப் பின்னலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் விரல் நின்றது. அதற்குமேல் நகரவில்லை.

"பாய்...?"

"இது நான் பண்ணது இல்லம்மா."

"நல்லாப் பாருங்க பாய்!"

"என் கைவேல எனக்குத் தெரியாதா? ஹென்றியோடது இல்ல. சத்தியமா இல்ல."

ஐரீன் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப எம்புள்ள எங்கியோ கரையேறி கீறான் பாய்! ஆந்திரா பக்கம் ஒதுங்கியிருப்பான்..." சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கி ஓடினாள்.

"இவன் யாருன்னு இனிமே எங்க போய்த் தேடறது? பேஜாரு" என்று முனகியபடி குணசேகரன் பையை விரித்து நீட்டினார். பக்கிளை அதில் போட அத்தாவுல்லாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பாடிய எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி மார்ச்சுவரிலதான். ஏன் பாய்?"

"நீங்க போங்க. பின்னாடியே வரேன்."

"ஆமாமா, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு. உன் வேல இல்லன்னு எழுதிக்கணும்."

போலீஸ்காரரின் சைக்கிள் நகர்ந்ததும், கடைக்குப் பின்னால் இருந்த வீட்டின் திரையை விலக்கிக்கொண்டு அத்தாவுல்லாவின் மனைவி ஜஸீமா வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க, இப்பிடிப் பொய் சொல்லி அனுப்பிட்டீங்க? திரை சந்துல நானும் பாத்தேன். இந்த ரோட்ல நங்கூரம் போட உங்கள வுட்டா வேற யாரு கீறா? நாளிக்கு உண்ம தெரிஞ்சா அவ தாங்குவாளா?"

அத்தாவுல்லா ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் மாறி மாறி விழுந்தது.

"பாவம் ஐரீன்" என்றாள் ஜஸீமா. "நம்மளுக்கும் இந்த கதி வந்திருக்கும். ஹென்றிகூட கடலுக்குப் போறேன்னு நம்ம புள்ள அத்னான் எப்பிடி அடம் புடிச்சான்! நீங்க திட்டுனதாலதான் கோச்சிக்கினு பம்பாய்க்குக் கெளம்புனான். எதுத்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரு போன்கூடப் பண்ண மாட்றான். பரவால்ல, எங்கியோ பத்திரமா கீறான். அல்லா காப்பாத்துனான்."

அத்தாவுல்லா சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் பொய் சொல்லல ஜஸீமா. ஹென்றிக்கு நான் பண்ணதப் பாத்துட்டு, தனக்கும் ஒண்ணு வேணும்னு அவனே இங்க குந்திக்கினு பின்னுனான். கடைசி மூலைல தோல்வாரத் திருப்பத் தெரியாம ஒரு முடிச்சுப் போட்டுட்டான். நான்கூட சிரிச்சேன். 'இருக்கட்டும் அத்தா'ன்னு சொல்லிட்டு அதையே போட்டுக்கினான்."

"எவன்? யாரச் சொல்றீங்க?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம அத்னான் பம்பாய்க்குப் போவவே இல்லம்மா."