முப்பது நொடி விளக்கு

மார்ச் 12. அக்கா வீட்டுக்காரரின் கார் டிக்கியில் நான் பொருத்திய விளக்கு, டிக்கியை மூடி முப்பது நொடி கழித்து அணைய வேண்டும். முதலில், நேரத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரை மாற்றிப் போட்டுவிட்டேன். மூன்றே நொடியில் அணைந்தது. சரிசெய்தேன், நம்பிக்கைதான் வரவில்லை. இன்று தேர்வில் தேறாவிட்டால் எலக்ட்ரீஷியன் மாலை வகுப்பில் இன்னும் ஆறு மாதம்.

வாத்தியார் ஓங்கி மூடினார். உள்ளே சுருண்டு படுத்தபடி நான் எண்ணினேன்.

“முப்பது! அணைஞ்சிருச்சு சார்!”

“கப்சா விடாதடா.”

“சத்தியமா சார். என் கையே எனக்குத் தெரியல!”

“அப்போ நீ பாஸ். வெளிய வா. டிக்கி சாவி எங்க?”

“என் பாக்கெட்ல சார்.”

வாத்தியார் டிக்கியை இழுத்துப் பார்த்தார். பிறகு நான்கு பேரைக் கூப்பிட்டு, பின்சீட்டைக் கழற்றி, அந்த வழியாக என்னை இழுத்தெடுத்தார்.

நாளைய வேலை: அக்கா வீட்டுக்காரர் ஊரிலிருந்து வருவதற்குள் சீட்டை மாட்ட வேண்டும்.