கதவிலேயே தண்ணீர்

கடலூர் கடையில் அந்த ஃபிரிட்ஜைக் கண்டதும் தாண்டவராயன் நின்றுவிட்டார். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம். அவர் மனைவி அஞ்சம்மாள் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது இதைத்தான்.

"இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

"வேணாங்க. உள்ள இருக்கிற டேங்க்ல அழுக்கு சேரும். யாரு கழுவுறது?"

"நான் கழுவுறேன்."

"குழா ஒழுகும். வெலையும் ஜாஸ்தி. சாதாரணதே போதும்."

"நீதானே கேட்ட? இப்ப ஏன் மாத்திப் பேசுற?"

அஞ்சம்மாள் அடுத்த ஃபிரிட்ஜுக்கு நகர்ந்தாள். விற்பனையாளர் சிரித்தார்.

"சாருக்குத்தான் ஆசை போல. அடிக்கிற வெயிலுக்கு ஜில்லுன்னு குடிக்கலாம்ல?"

அஞ்சம்மாளின் முகம் சுண்டிப்போனது.

"அவுரு குடிக்கக் கூடாதுங்க. கிட்னி கெட்டுப்போயி சிதம்பரத்துல டயாலிசிஸ் பண்றோம். டாக்டர் தண்ணியை அளந்துதான் குடுக்கச் சொல்லிருக்காரு. கண்ணு முன்னாலயே இது ஊத்துனா மனுசன் எப்புடித் தாங்குவாரு?"

தாண்டவராயன் அவள் அருகில் வந்தார்.

"எனக்காவா கேக்குறேன்? எனக்கு ஒடம்புக்கு வந்ததுலேருந்து நீ என் எதிர்ல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. தோட்டத்துப் பக்கம் போயி ஒளிஞ்சிக்கிட்டுக் குடிக்கிற. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தாகத்தைக்கூடத் தாங்கிக்கிறேன் அஞ்சம்மா, அதைத்தான் தாங்க முடியல."

காட்சிக்காகத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த அந்த ஃபிரிட்ஜில் அவரே ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார்.

"குடி."

அஞ்சம்மாள் வாங்கினாள். கண்கள் கலங்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், அவரைப் பார்த்தபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.