பட்டன் மட்டும்தான் பாக்கி

"கண்ணு, உள்ள போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வர்றியா?"

வாயாடி எழுந்து, தையல் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போகும் வரை டீச்சர் பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர், உங்க பொண்ணு பொய் சொல்றா."

தையல்காரருக்குக் கால் பெடல் மேலேயே நின்றுவிட்டது. ஒன்பது வயசுப் பெண். வாய் ஓயாது, அதனால் வீட்டிலும் கடையிலும் பேரே வாயாடி. ஆனால் பொய்யா?

"கட்டுரை எழுதிட்டியான்னு கேட்டா, முடிஞ்சுது மிஸ், கடைசி வரி மட்டும்தான் பாக்கின்னு சொல்றா. மூணு நாளா இதே பாட்டு. நோட்டை மட்டும் கண்ணுல காட்டவே மாட்டேங்குறா."

"என் பொண்ணா?"

"உங்க பொண்ணுதான். வீட்டுப்பாடம் முடிக்காதவங்களுக்கு ஆண்டு விழா நாடகத்துல இடம் கிடையாதுன்னு வகுப்புல சொல்லியிருக்கேன். நாளைக்கு நோட்டு வரலேன்னா அவளையும் எடுத்துடணும். அவளுக்குன்னு தனிச் சட்டம் போட முடியாதில்ல? கொஞ்சம் பக்குவமா கேட்டுப் பாருங்க."

நாடகத்தில் வாயாடிதான் ராணி. ஒரு மாசமாகக் கடைக்கு வருகிறவர்களையெல்லாம் மந்திரியாக்கி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேஷம் போனால் பிள்ளை உடைந்து போய்விடும்.

"டீச்சர், உலகத்துலயே எனக்குப் பிடிக்காத ஒண்ணு பொய். நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார் தையல்காரர்.

தண்ணீர் வந்தது. டீச்சர் வாங்கிக் குடித்தார்.

"அப்புறம் மாஸ்டர், என் துணி? சனிக்கிழமை விழாவுக்கு அதைத்தான் போட்டுக்கலாம்னு இருக்கேன்."

"முடிஞ்சுது டீச்சர். பட்டன் மட்டும்தான் பாக்கி. நாளைக்குச் சாயந்திரம் வாங்க."

டீச்சர் ஒரு தடவை மேலே அலமாரியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வாயாடியைப் பார்த்தார். டம்ளரை அவள் கையில் கொடுத்தார்.

"சரி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு முனை திரும்பியதும் தையல்காரருக்குக் கை பரபரத்தது. முதுகில் நாலு வைத்தால் நோட்டு தானாக வெளியே வரும். ஆனால் மெஷினுக்கு எதிரே, சுவரில், மனைவி பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிவைத்த காகிதம் முறைத்தது. 'நல்ல பிள்ளைகளை வளர்க்க ஏழு வழிகள்.'

ஒன்று, அடிக்காதீர்கள். சரி, முதலிலேயே கையைக் கட்டியாச்சு.

இரண்டு, குழந்தையின் கண் மட்டத்துக்கு இறங்கிப் பேசுங்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே அவர் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது. வாயாடி சிரித்தாள்.

மூன்று, குரலை உயர்த்தாதீர்கள்.

"கட்டுரை எழுதிட்டியாடா கண்ணு?" என்று வெண்ணெயாகக் குழைந்தார்.

"எழுதிட்டேன்ப்பா. கடைசி வரி மட்டும்தான் பாக்கி."

"அப்படியா? எங்க, நோட்டைக் காட்டு பார்ப்போம்."

"நாளைக்குச் சாயந்திரம் காட்டறேன்."

மூன்றாவது வழி காற்றில் பறந்தது. "ஏன்டி, இப்படி மழுப்பறதுக்கு உனக்கு யாரு கத்துக்கொடுத்தா? ஸ்கூல்ல கூட்டாளிங்களா? நாள் பூரா பார்க்கறியே, அந்த டிவியா? சொல்லு, யாரைப் பார்த்துக் கத்துக்கிட்ட?"

வாயாடியின் கண் மெல்ல அவர் தலைக்கு மேலே போனது.

அவரும் திரும்பிப் பார்த்தார். அலமாரியின் மேல் தட்டில் டீச்சருடைய துணிப்பை இருந்தது. மூணு வாரத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போனது. போட்ட முடிச்சு போட்டபடி, பிரிக்காமல்.

குந்தினவர் எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. இந்தத் தடவை முழங்காலைக் குறை சொல்ல முடியாது.

வாயாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்தார்.

"டீச்சர், மாஸ்டர் பேசறேன். அது வந்து... பட்டன் மட்டும் இல்ல டீச்சர். துணியை இன்னும் வெட்டவே இல்ல. நான் சொன்னது பொய். இன்னைக்கே உட்கார்ந்து வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடறேன். மன்னிச்சுக்கோங்க."

"தெரியும் மாஸ்டர். பை என் கண்ணுக்கு நேராத்தானே இருந்துச்சு."

"அப்புறம் ஏன் டீச்சர் ஒரு வார்த்தை கேக்கல?"

"உங்க சுவத்துல ஒட்டியிருக்கீங்களே, நாலாவது. குழந்தையை மத்தவங்க முன்னாடி குறை சொல்லாதீங்கன்னு. அதுக்காகத்தான் தண்ணின்னு சொல்லி அவளை உள்ள அனுப்பினேன். நீங்க பட்டன்னு சொன்னப்போ அவ திரும்பி வந்து பக்கத்துலயே நின்னா. குழந்தை முன்னாடி அவ அப்பாவை மட்டும் குறை சொல்லலாமா?"

போனை வைத்தார். சின்ன வயசில் அப்பாவிடம் அடி வாங்கியபோதுகூட இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை அவருக்கு. பையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, துணியை மேஜை மேல் விரித்தார். கத்தரிக்கோலைத் தேடினார்.

வாயாடி அதை எடுத்து நீட்டினாள். அப்புறம் ஸ்கூல் பையைத் திறந்து கட்டுரை நோட்டை எடுத்து, துணிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, கடைசி வரி மட்டும் இல்ல. முதல் வரியே இன்னும் எழுதல."